வேலிக்கு அந்தப் பக்கம் பூத்துக் கெடக்கிற செடிங்க

மலேசியாவுல, பினாங்குல மலையடிவாரத்துல வீடு இருக்கிறவங்களுக்கு நான் சொல்ற எடம் ஒடனே தெரிஞ்சிரும். தாமானோட, அதாவது குடியிருப்போட கடைசி வரிசை வீடு, வீட்டுக்குப் பின்னால வேலி, வேலிக்குப் பின்னால ஒரு லோங்காங், அதாவது சாக்கடைக் கால்வாய், அதத் தாண்டுனா கொஞ்சம் புதர், அதுக்கு மேல காடு. ஆயர் ஈத்தாம், பாயா தெருபோங், தண்ணீர்மலை பக்கம் எங்க போனாலும் இதே அமைப்புதான். அந்தப் புதர் இருக்கிற துண்டு நெலம் யாருக்கும் சொந்தம் இல்லாத மாதிரி கெடக்கும், யாரும் உத்துப் பாக்க மாட்டாங்க, ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்ச எடம் அதுதான், ஏன்னா காட்டுச் செடியும் நம்ம வீட்டுச் செடியும் அங்கதான் பக்கத்துல பக்கத்துல நிக்குது, எது எதுன்னு பிரிச்சிப் பாக்கக் கத்துக்கிட்டா அந்த மலையே வேற மாதிரி தெரிய ஆரம்பிக்கும்.

இப்ப போன்ல ஆப் இருக்கு, போட்டோ எடுத்தா பேர் சொல்லிடும், பூ இருந்தா பெரும்பாலும் சரியாவே சொல்லுது. ஆனா இந்தச் செடிய இங்க யாரோ நட்டாங்களா, தூக்கிப் போட்ட குச்சி பொழச்சிக்கிச்சா, இல்ல வெத விழுந்து தானா மொளச்சிதா, அத ஆப் சொல்லாது. எனக்கு இந்தக் கேள்விதான் பெரிசு. செம்பருத்தின்னு பேர் கண்டுபிடிச்சிட்டு போறது ஒண்ணு, அது எப்படி லோங்காங் தாண்டி வந்துச்சுன்னு கண்டுபிடிக்கிறது இன்னொண்ணு. நட்டது நட்ட எடத்துலயே நிக்கும், வெத போட ஆரம்பிச்சது கொஞ்ச வருஷத்துல மலைக்குள்ள போயிரும்.

அதனால நான் மொதல்ல பாக்குறது தரைய. ஒரு பெரிய செடி இருக்கு, அதச் சுத்தி ஒரு சாண் உயரத்துல, ஒரு முழத்துல, இடுப்பளவுல அதோட குட்டிங்க நிக்குதா? நின்னா அது அங்க குடும்பம் நடத்துதுன்னு அர்த்தம். பெருசு மட்டும் தனியா நிக்குது, ஒரு குட்டியும் இல்லன்னா யாரோ வச்சது, இல்ல தூக்கிப் போட்டது. அடுத்து வரிசை. காட்டுல எதுவும் நேர்கோட்டுல மொளைக்காது, நாலு செடி ஒரே தூரம் விட்டு நின்னா அங்க ஒரு காலத்துல வேலி இருந்திருக்கும். பக்கத்துலயே ஒடஞ்ச ஓடு, சிமெண்டுத் தரை, பழைய கெணத்து வாய் எதாச்சும் கண்ணுல பட்டா சந்தேகமே வேண்டாம். ஜாலான் கெபுன் புங்கா ரோட்டுல இருக்கிற மூன் கேட்ல இருந்து மலைப்பாதை படியில ஏறிப் போறவங்க பாதை ஓரத்துல செவப்பு இலை கோர்டிலைன், சாமி மாடத்துக்குப் பக்கத்துல வைப்பாங்களே அந்தச் செடி, பாத்தீங்கன்னா ஒரு நிமிஷம் நின்னு சுத்திப் பாருங்க, மனுஷன் இருந்த தடம் கெடைக்க நெறைய வாய்ப்பு இருக்கு.

செம்பருத்தி, குரோட்டன், காகிதப்பூ, அடுக்கு நந்தியாவட்டை எல்லாமே இப்படித்தான், நின்ன எடத்துல நிக்கிற ஜாதி. 1960ல புங்கா ராயாவ, அதாவது செம்பருத்திய, மலேசியாவோட தேசிய மலரா வச்சாங்க, ஊரெல்லாம் இருக்கு, ஆனா நம்ம வீட்டுச் செம்பருத்தி காய் புடிச்சி நீங்க பாத்திருக்கீங்களா? ரொம்ப அபூர்வம். அடுக்குப்பூ வகைங்கள்ல மகரந்தம் இருக்க வேண்டிய எடமே இதழா மாறிப் போயிருக்கும், அதனால வெத வைக்கிறது கஷ்டம். அப்போ புதர்ல செம்பருத்தி நிக்குதுன்னா மனுஷன் கைதான் காரணம், கவாத்து பண்ணி வேலிக்கு மேல வீசுன குச்சி மழைக்கு வேர் விட்டிருக்கும். அதுக்காக பயப்பட ஒண்ணும் இல்ல.

பயப்பட வேண்டியது பழம் வைக்கிற ஜாதிய. நம்ம வீட்டுக் கம்பிலயும் மாமரத்துலயும் காலங்காத்தால சத்தம் போடுமே, வாலுக்கு அடியில மஞ்சளா இருக்கிற சின்னான் குருவி, அதுக்கு சின்னச் சின்ன உருண்டைப் பழம்னா உயிர். இங்க தின்னுட்டு அங்க போய் எச்சம் போடும், எச்சம் விழுற எடம் பெரும்பாலும் கம்பிக்கு அடியில, வேலிக்கு அடியில, மரக்கிளைக்கு அடியில. அதனாலதான் சில செடிங்க வேலி ஓரமா யாரோ நட்ட மாதிரியே வரிசையா மொளைக்கும், அப்போ மேல சொன்ன நேர்கோட்டுக் கணக்கு கொஞ்சம் தப்பும், அந்த நேரத்துல தலைய தூக்கி மேல கம்பி போகுதான்னு பாத்துக்கணும். குரங்கும் சேத்திதான், தோட்டத்துப் பழம் எதையும் அது விடாது.

இந்தப் பழ ஜாதியில எல்லாருக்கும் தெரிஞ்சது உண்ணிச்செடி, மலாய்ல புங்கா தாய் ஆயாம், அறிவியல் பேர் லான்டானா கமாரா. தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா பக்கத்து செடி, அழகுக்காக ஐரோப்பாக்காரங்க தோட்டத்துல வளத்து, கலப்பு பண்ணி, கப்பல்ல ஏத்தி உலகம் பூரா கொண்டு போனாங்க. இந்தியாவுக்கு 19ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல கல்கத்தா தாவரவியல் தோட்டம் வழியா போச்சு, இன்னைக்கு முதுமலை, பந்திப்பூர் காடெல்லாம் அடியில அதுதான். அடையாளம் சுலபம். இலை ரெண்டு ரெண்டா எதிரும் புதிருமா, ஓரம் ரம்பப் பல்லு மாதிரி, தொட்டா சொரசொரன்னு இருக்கும், கசக்குனா ஒரு காட்டமான வாசம். தண்டு உருண்டையா இருக்காது, விரல்ல புடிச்சி உருட்டிப் பாத்தா நாலு பக்கம் தெரியும், வளஞ்ச குட்டி முள்ளும் இருக்கும். பூங்கொத்துல நடுவுல மஞ்சளும் ஓரத்துல ரோஸோ ஆரஞ்சோ இருக்கிறதுக்குக் காரணம் ரெண்டு வகைப் பூ கெடையாது, புதுசா விரிஞ்சது மஞ்சள், வயசானது நெறம் மாறிடும், அவ்வளவுதான். பழம் பச்சையில ஆரம்பிச்சி கருநீலத்துல முடியும். பச்சைக் காய் விஷம், இலையும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஆகாது.

நர்சரியில இப்ப விக்கிற லான்டானா எல்லாமே ஓடிப் போற ஜாதின்னு சொல்ல முடியாது. படர்ற வகை ஒண்ணு இருக்கு, ஊதாப் பூ, சின்ன இலை, முள் இல்லாதது, அது வேற இனம். காயே வைக்காத வகைங்களும் வந்திருக்கு. வாங்குறப்ப செடியில காய்க்கொத்து தொங்குதான்னு பாத்தா போதும். இன்னொரு நல்ல விஷயம், உண்ணிச்செடிக்கு வெயில் வேணும், அடர்ந்த காட்டு நெழலுக்குள்ள போய் அதால பொழைக்க முடியாது, ரோட்டு ஓரம், கரண்டுக் கம்பிக்காக வெட்டுன எடம், மண் சரிஞ்ச எடம், அங்கதான் நிக்கும். ஆகவே அத பாத்தா அந்த எடத்துல யாரோ மரத்த வெட்டியிருக்காங்க, இல்ல மண்ணு சரிஞ்சிருக்குன்னு புரிஞ்சிக்கலாம்.

டுராண்டாவும் அப்படித்தான். தாமான் முழுக்க மஞ்சப் பச்சையா கத்தரிச்சி வேலியா வச்சிருப்பாங்களே, அதுதான். மாசம் ஒரு தரம் கத்தரிக்கிற வரைக்கும் அது பூக்கவே பூக்காது. வீட்ட பூட்டிட்டு போயிட்டாங்கன்னா ரெண்டு மூணு வருஷத்துல ஆள் உயரம் தாண்டி, ஊதாப்பூ தொங்கி, ஆரஞ்சு மணி மாதிரி கொத்துக் கொத்தா காய் வைக்கும், அப்புறம் சின்னானுக்குக் கொண்டாட்டம். பூட்டிக் கெடக்கிற வீட்டுத் தோட்டத்த நான் கவனமா பாக்குறதுக்கு இதான் காரணம், ஆள் இருக்கிற வீட்டுத் தோட்டத்தவிட ஆள் இல்லாத வீட்டுத் தோட்டத்துல இருந்துதான் செடி வெளிய கெளம்புது. டுராண்டா காயும் விஷம், பிள்ளைங்க இருந்தா சொல்லி வைங்க.

இப்ப நான் ரொம்ப நேரம் பேச நெனைக்கிற விஷயத்துக்கு வரேன், செண்டுடுக். தோட்டத்துல, அதாவது எஸ்டேட்ல வளந்த நம்ம பாட்டிங்க எல்லாருக்கும் இது தெரியும், ரப்பர் காட்டு ஓரத்துல பழத்தப் பறிச்சித் தின்னு நாக்கெல்லாம் ஊதாவாக்கிக்கிட்டு வந்து அடி வாங்குன கதை ஒவ்வொரு குடும்பத்துலயும் இருக்கும். அது நம்ம மண்ணுச் செடி, மெலஸ்டோமா மலபாத்ரிகம், தமிழ்நாட்டுப் பக்கமும் மலைங்கள்ல இருக்கு. ஆனா இன்னைக்கு பினாங்கு மலையடியில செண்டுடுக்னு ஒருத்தர் கைகாட்டுற செடி மூணுல எதுவா வேணா இருக்கலாம். மூணும் ஒரே குடும்பம், மூணுக்கும் இலையில நரம்பு அடியில இருந்து நுனி வரைக்கும் நீளவாக்குல வளஞ்சி ஓடும், குறுக்கால சின்ன நரம்பு ஏணிப்படி மாதிரி கட்டியிருக்கும், அந்த இலைய ஒரு தரம் கையில வச்சிப் பாத்தா குடும்பத்த மறக்க மாட்டீங்க. சிக்கலே குடும்பத்துக்குள்ளதான்.

நம்ம செண்டுடுக்குக்கு இலை நீட்டமா, ஒல்லியா, சொரசொரப்பா இருக்கும். தண்டுல முடி நிக்காது, செதில் மாதிரி ஒட்டிக்கிட்டு படுத்திருக்கும். பூ பெருசு, அஞ்சு இதழ், நல்ல மஜெந்தா நெறம், நடுவுல மகரந்தத் தண்டுல பாதி மஞ்சள், பாதி ஊதான்னு ரெண்டு தினுசு. காய் முத்துனா தானா கிழிஞ்சி தெறந்து உள்ள கருஊதா சதை தெரியும்.

ரெண்டாவது திபூச்சினா, தென் அமெரிக்கா செடி, பேரை இப்ப பிளரோமான்னு மாத்திட்டாங்க. குளிர்ச்சியான மலை பங்களாத் தோட்டங்களுக்கு ஏத்தது. பூ நீலம் கலந்த ஊதா, மகரந்தத் தண்டு எல்லாமே ஊதா, மஞ்சளே இருக்காது, இலை வெல்வெட் துணிய தடவுற மாதிரி மெதுவா இருக்கும். பூவுக்குள்ள மஞ்சள் இருக்கா இல்லையா, அத ஒண்ணு பாத்தாலே இதையும் செண்டுடுக்கையும் பிரிச்சிரலாம். பூ இல்லாத நேரத்துல இலைய தடவிப் பாருங்க.

மூணாவதுதான் கவலை. செண்டுடுக் புலு. கிளிடேமியா ஹிர்ட்டான்னு பல வருஷமா சொன்னாங்க, இப்ப மிகோனியா கிரெனாட்டா. இலை அகலமா முட்டை வடிவத்துல, மெத்தையில தையல் போட்ட மாதிரி மேடும் பள்ளமுமா உப்பி இருக்கும். தண்டு பூரா நீட்டு நீட்டா முடி, நிமிந்து நிக்கும். பூ வெள்ளை, ரொம்பச் சின்னது, இலைக்கு நடுவுல ஒளிஞ்சிருக்கும், நடந்து போறவங்க கவனிக்கவே மாட்டாங்க. பழம் கருநீலம், அதுலயும் முடி, கிழியாது, உருண்டையாவே இருக்கும், உள்ள நூத்துக்கு மேல பொடி வெத. இதுவும் அமெரிக்க வெப்பநாட்டுச் செடி. அழகுக்காக இத யாரும் பெருசா பரப்புனதா தெரியல, பிஜித் தீவுக்கு 1880கள்ல காப்பிச் செடியோட ஒட்டிக்கிட்டு போச்சு, கொண்டு போனவர் பேர் கோஸ்டர், அதனால கோஸ்டர் சாபம்னே இதுக்கு பேர் வந்துச்சு. அங்க அடக்க முடியாம 1930ல டிரினிடாட்ல இருந்து ஒரு பேன் மாதிரி பூச்சிய கொண்டு வந்து விட்டாங்க, வெயில் எடத்துல பூச்சி நல்லா வேலை செஞ்சிது, நெழல்ல செய்யல. ஹவாயில 1941ல முதல் தடவையா பதிவு பண்ணாங்க, அப்புறம் காட்டுக்குள்ள பெரிய பரப்புக்கு போயிருச்சு.

நெழல், அதுதான் இதுல விஷயமே. உண்ணிச்செடி நிக்கிற எல்லையில இது நிக்காது, உள்ள போகும். கோஸ்டா ரிக்காவுல, அதாவது அதோட சொந்த ஊர்ல, காட்டு நெழலுக்குள்ள இதப் பாக்கறது கஷ்டம், ஏன்னா பூச்சியும் பூஞ்சணமும் அங்க அத தின்னு தீத்துரும். ஹவாயில அந்த எதிரிங்க இல்ல. ரெண்டு எடத்துலயும் நட்டு, பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் மருந்து அடிச்சி ஒப்பிட்டுப் பாத்தவங்க 2004ல இத வெளியிட்டாங்க, மருந்து அடிச்ச எடத்துல கோஸ்டா ரிக்கா நெழல்லயும் செடி பொழச்சிருக்கு. நம்ம நாட்டுல நெகிரி செம்பிலான் பாசோ காட்டுல, எவ்வளவோ வருஷமா ஆராய்ச்சி நடக்கிற காடு அது, அங்கயே மரம் விழுந்து வெளிச்சம் வந்த எடத்துலயும் காட்டுப்பன்னி மண்ண கிண்டுன எடத்துலயும் இது மொளச்சத எழுதியிருக்காங்க. ஆகவே மலைப்பாதையில ரெண்டு பக்கமும் முடி முடியா உப்புன இலையோட இடுப்பளவு செடி வரிசையா நின்னா, அத நம்ம ஊர் செண்டுடுக்னு நெனச்சிட்டு போயிராதீங்க, தயவு செஞ்சி. அந்தப் பாதையில ஜனங்க செருப்புல ஒட்டுன மண்ணும் சேந்து வெதய மேல கொண்டு போகுது.

2021ல யுனெஸ்கோ பினாங்கு ஹில்ல உயிர்க்கோளக் காப்பகமா அறிவிச்சப்ப நம்ம எல்லாருக்கும் பெருமையா இருந்துச்சு. அந்தக் காப்பகத்துலயே தாவரவியல் தோட்டமும் சேத்தி, 1884ல சார்ல்ஸ் கர்டிஸ் பழைய கருங்கல் குவாரி எடத்துல உருவாக்குன தோட்டம். ஒரு பக்கம் உலகத்துச் செடியெல்லாம் கொண்டு வந்து நட்ட தோட்டம், இன்னொரு பக்கம் பழைய காடு, ரெண்டுக்கும் நடுவுல சுவர் கெடையாது. உலகத்துல எங்க பாத்தாலும் இப்படிப்பட்ட எடங்கள்ல இருந்துதான் செடி தப்பிச்சிப் போயிருக்கு. நம்ம சிம்போ ஆயர், பெரிய மஞ்சப்பூ, தெம்பே, அதாவது புளிக்க வச்ச சோயாக் கட்டி, மடிக்கிற அகல இலை, இங்க ஈர நெலத்துல தானா வளர்ற நல்ல செடி, அதையே இலங்கைக்கு பேராதனைத் தோட்டத்துக்கு கொண்டு போனாங்க, அங்க இருந்து தப்பிச்சி இப்ப அவங்க ஈரக் காட்டையும் சதுப்பையும் அடைக்குது. நம்ம கடலோரத்து மாத்தா பெலாண்டோக் செடிய அழகுன்னு புளோரிடாவுக்கு கொண்டு போனாங்க, அங்க எவர்கிளேட்ஸ் சதுப்பு நெலத்துல தொல்லை. நம்ம செண்டுடுக் இனமே ஹவாயில களைதான். அதனால கெட்ட செடின்னு ஒண்ண திட்டுறதுல எனக்கு விருப்பம் இல்ல. எந்த மண்ணுல நிக்குது, அங்க அத தின்ன ஆள் இருக்கான்னுதான் கேக்கணும்.

மணி பிளாண்ட் பத்தியும் சொல்லிரணும், புதர்ச்செடி இல்லன்னாலும். பாட்டில்ல தண்ணி ஊத்தி வைக்கிற அதே கொடி காட்டு ஓர மரத்துல ஏறுனா இலை முறம் அளவுக்கு பெருசாகி ஓரமெல்லாம் கிழிஞ்சிரும், ஆப்புக்கே கொழப்பம் வரும், பாக்குறவங்க ஏதோ காட்டுக்கொடின்னு நெனப்பாங்க. அதோட சொந்த ஊர் பசிபிக்ல மோரேயான்னு ஒரு தீவு. பூக்குறது ரொம்ப ரொம்ப அபூர்வம், வெதையால பரவுற பேச்சே இல்ல. அப்போ மலையடியில நிக்கிற ஒவ்வொரு மணி பிளாண்டும் ஒருத்தர் கையால வந்தது, இல்ல அந்தத் துண்டுல இருந்து ஊர்ந்து போனது. ரோட்டு மேட்டுல மஞ்சப் பூவோட பாய் விரிச்ச வெடேலியாவும் தண்டுத் துண்டாலதான் பரவுது, கணுவுக்கு கணு வேர் விடும்.

எங்க வரிசையில ஒரு ஆண்டி, செடின்னா உசிரா வளக்கிறவங்க, வெட்டுன கிளையெல்லாம் பின்பக்கம் வேலிக்கு மேல போடுவாங்க. "காட்டுக்குத்தானேம்மா போகுது, மக்கி ஒரமாயிடும்" அப்படிம்பாங்க. அவங்க மனசுல அது காட்டுக்கு சோறு போடுற மாதிரி. நான் அவங்கள கூட்டிட்டுப் போய் லோங்காங்குக்கு அந்தப் பக்கம் மரத்துல ஏறியிருந்த மணி பிளாண்ட காட்டுனேன், வேற ஒண்ணும் சொல்லல. "அடியாத்தி, இது என்னோடதா" அப்படின்னாங்க. இப்ப அவங்க போடுறதில்ல. சட்டம் பேசி ஒருத்தர மாத்துறதவிட அவங்க செடியவே காட்டுறது நல்லா வேலை செய்யுதுன்னு நான் முழுசா நம்புறேன்.

போட்டோ எடுக்கிறவங்களுக்கு சிலது. பூவ மட்டும் எடுத்தா பிரயோஜனம் கம்மி, அதிகமா தப்பு வர்றதே அதனாலதான். இலை தண்டுல எப்படி ஒட்டியிருக்கு, எதிர் எதிரா, மாத்தி மாத்தியா, அது தெரியணும், இலை முதுகு ஒண்ணு, தண்டு கிட்டக்க ஒண்ணு, காய் இருந்தா காய், கடைசியா ரெண்டு எட்டு பின்னால போய் எடத்தோட சேத்து ஒண்ணு, வேலி எங்க, வீடு எங்க, லோங்காங் எங்கன்னு தெரியற மாதிரி. ஐநேச்சுரலிஸ்ட்ல, அதாவது செடி, பிராணி போட்டோவ பதிவு பண்ற தளத்துல போடுறவங்க, நட்டு வச்ச செடின்னா அதுக்குன்னு ஒரு குறி இருக்கு, அத போட்டுருங்க, வெளிய தானா மொளச்சதுன்னா போடாதீங்க, குட்டிச்செடிங்கள தனியா எடுத்து சேருங்க. பின்னால பாக்குறவங்களுக்கு அந்தக் குறிதான் பேரவிட ஒதவும். காம்ப ஒடிச்சா வெள்ளைப் பால் வடிஞ்சா, அலமண்டா, மஞ்சள் அரளி, நந்தியாவட்டை பக்கம் தேடலாம், ஆனா கைய கழுவாம கண்ணுல வைக்காதீங்க, மஞ்சள் அரளிக் கொட்டை உசிருக்கே ஆபத்து. தெரியாத பழத்த வாயில வச்சி சோதிக்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம், பாட்டி தின்னது நம்ம செண்டுடுக்.

காட்டுக்குள்ள போய் நீங்களா பிடுங்க ஆரம்பிக்காதீங்க, வனக் காப்பு எல்லைக்குள்ள அனுமதி இல்லாம செடி எடுக்கக் கூடாது, தப்பான செடிய பிடுங்கிட்டா அதுவும் நஷ்டம். உங்க வேலிக்கு உள்ள, சொந்த மண்ணுல செண்டுடுக் புலு மொளச்சா மட்டும் பழம் வைக்கிறதுக்கு முன்னாடி, மழை பேஞ்ச மறுநாள் மண்ணு எளகியிருக்கும்போது வேரோட இழுங்க, சின்னதுன்னா சுலபமா வந்துரும். வெட்டுன கிளை, கொடி, காய்க்கொத்து எல்லாத்தையும் கறுப்பு பிளாஸ்டிக் பையில இறுக்கிக் கட்டி வெயில்ல போடுங்க, நல்லா வெந்து கறுத்துப் போனப்புறம் குப்பையோட அனுப்பலாம். மணி பிளாண்ட், வெடேலியா மாதிரி கணுவுல வேர் விடுற ஜாதிய கம்போஸ்ட் குழியில பச்சையா போடாதீங்க, அது அங்கயே எழுந்து நிக்கும்.